கிட் வேண்டாம், சைட்டோகுரோம் வாங்கு

ப்ராஜெக்ட் சீசன் தொடங்கினால் யாராவது ஒரு பிள்ளை என் மேசைக்கு வந்து நிற்கும். "அக்கா, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் பார்க்கணும். கிட் ஆர்டர் போட்டுடலாமா?" செல்லுக்குள் ஆக்சிஜனைச் செலவழிக்கும் நொதி அது. அதை அளக்க வேண்டிய ரசாயனமெல்லாம் ஒரே பெட்டியில் தயாராக வருவதுதான் கிட். புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் ஸ்டாக் ரிஜிஸ்டரும் ஃப்ரீசர் சாவியும் என்னிடம் இருக்கின்றன. கொட்டேஷன் கேட்பது, பில்லுக்கு அலைவது, வந்த பெட்டியைப் பிரித்து மைனஸ் 20-ல் அடுக்குவது எல்லாம் என் தலையில்தான். அதனால் இந்த மாதிரி கேள்விகள் சாரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வந்துவிடும். நான் சொல்லும் பதில் மாறுவதில்லை: கிட் வேண்டாம், அந்த நொதிக்குத் தீனியான சைட்டோகுரோம் சி புரதம் ஒரு பாட்டில் வாங்கு, மீதி பெரும்பாலும் நம் அலமாரியிலேயே இருக்கிறது.

கிட் மோசமான சரக்கு என்று சொல்லவில்லை. தினமும் சாம்பிள் வந்து குவியும் இடத்துக்கு அது சரிதான். எங்கள் மாதிரி இடத்தில் ஒரு பிள்ளை நாலு குவெட் (கரைசலை ஊற்றி அளக்கும் சின்னக் குப்பி) ஓட்டிவிட்டு மூடி வைக்கும், அடுத்த பிள்ளை சில மாதம் கழித்து உருக்கும், பிறகு மறுபடி உறைய வைக்கும். ஒரு நாள் ரீடிங் வராது. எது கெட்டது? லேபிளில் 'அஸே பஃபர்' (சோதனைக்கான உப்புக் கரைசல்) என்றுதான் இருக்கும். உள்ளே எந்த உப்பு, எவ்வளவு என்று கையேட்டைப் புரட்டினாலும் பல சமயம் கிடைக்காது. தனித்தனியாக வாங்கி வைத்திருந்தால் ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரிக்கலாம். இந்த நொதியில் இன்னொரு சௌகரியம், பாதி விசாரணையைக் கண்ணாலேயே முடித்துவிடலாம். எல்லாமே நிறம்.

நொதியைப் பற்றிச் சுருக்கமாக. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில், எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. நம் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் பெரும்பங்கு இங்கேதான் செலவாகிறது. சைட்டோகுரோம் சி ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானைக் கொண்டுவந்து கொடுக்கும். நான்கு சேர்ந்தால் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு தண்ணீர் மூலக்கூறாக மாறும். மாட்டு இதயத்திலிருந்து எடுத்த நொதியின் படிக அமைப்பு 1990களின் நடுவில் வெளிவந்தபோது துணை அலகுகள் 13 என்று எண்ணினார்கள். பதினான்காவதாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு பின்னால் வந்தது. அவற்றில் மூன்றுக்கு மட்டும் மரபணு மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் இருக்கிறது, மற்றதெல்லாம் உட்கருவில். சயனைடு மனிதனைக் கொல்வது இந்த நொதியை நிறுத்தித்தான். செப்டிக் டேங்கில் இறக்கிவிடப்பட்டு மூச்சுத் திணறிச் செத்துப்போகிறவர்கள் பற்றி அடிக்கடி செய்தி வருகிறதே, அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கை வைப்பதும் இதில்தான். வகுப்பில் 'தடுப்பான்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம்.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

சைட்டோகுரோம் சி பெரும்பாலும் குதிரை இதயத்திலிருந்தோ மாட்டு இதயத்திலிருந்தோ எடுத்தது. நான் குதிரைதான் வாங்குவேன், பழைய ஆய்வுக்கட்டுரைகளோடு ஒப்பிட வசதி. 104 அமினோ அமிலம், சுமார் 12,400 டால்டன், நடுவில் இரும்போடு ஹீம் என்ற நிறப்பகுதி ஒன்று. விலையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கும். அப்போது ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு மில்லிலிட்டர் குவெட்டில் 50 மைக்ரோமோலார் வேண்டுமென்றால் 0.62 மில்லிகிராம் போதும். 100 மில்லிகிராம் பாட்டிலில் ஏறக்குறைய 160 குவெட் வரும். கிட்டில் எத்தனை அஸே என்று அட்டையில் போட்டிருப்பார்கள், விலையையும் பார்த்து நீயே வகுத்துக்கொள் என்று விட்டுவிடுவேன்.

பாட்டிலில் வருவது ஆக்சிஜனேற்றம் அடைந்த, அதாவது எலக்ட்ரானை இழந்த வடிவம். கரைத்தால் செங்கல்லும் பழுப்பும் கலந்த நிறம். நொதிக்கு வேண்டியது ஒடுக்கப்பட்ட, அதாவது எலக்ட்ரான் ஏறிய வடிவம், அது ரோஸ். இந்த மாற்றத்தைத்தான் 1925-ல் டேவிட் கெய்லின் பூச்சிகளின் தசையிலும் ஈஸ்டிலும் சின்ன நிறமாலைக் கருவியை வைத்துப் பார்த்தார். பட்டைகள் தோன்றுவதும் காற்றுப் பட்டால் மறைவதுமாக இருந்தன. அவருக்கு நாற்பது வருடம் முன்பே மெக்மன் என்ற மருத்துவர் இதைப் பார்த்துவிட்டார், பெரிய பேராசிரியர் ஒருவர் மறுத்ததில் அது மூலையில் போய்விட்டது. எங்கள் ஸ்பெக்ட்ரோவில் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) இன்று 550 நானோமீட்டரில் நாம் பார்க்கும் கூர்மையான முகடு அதே பட்டைதான். நொதி வேலை செய்யச் செய்ய இந்த முகடு இறங்கும், இறங்கும் வேகத்தைத்தான் அளக்கிறோம்.

ஒடுக்குவதற்கு இரண்டு வழி. ஒன்று சோடியம் டைதயோனைட். கடற்கரை ஊரில் இது ஒரு தொல்லை. நல்ல பொடி உதிரியாக, வெள்ளையாக இருக்கும். டப்பாவை நாலு முறை திறந்து மூடினால் ஈரம் ஏறிக் கட்டி கட்டியாகி, கந்தக வாடை அடிக்க ஆரம்பிக்கும். ஈரம் பட்ட டைதயோனைட் தானாகவே சூடேறக்கூடியது, ஆகவே வீணாகிவிட்டது என்று குப்பைத் தொட்டியில் கொட்டவும் கூடாது. நான் வாங்கியதுமே சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, பாரஃபில்ம் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு டெசிகேட்டரில் போட்டுவிடுவேன். இன்னொரு வழி அஸ்கார்பேட், அதாவது வைட்டமின் சி. நிதானமாக வேலை செய்யும், ஆனால் பத்திரம். எனக்கு இதுதான் பிடிக்கும். எதைப் போட்டாலும் வேலை முடிந்ததும் மீதியை வெளியே எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நொதி ஒரு பக்கம் ஆக்சிஜனேற்றம் செய்ய, இது மறுபக்கம் திரும்ப ஒடுக்கிக்கொண்டே இருக்கும், ஸ்பெக்ட்ரோவில் கோடு இறங்காமல் படுத்துக் கிடக்கும்.

வெளியே எடுக்க செஃபடெக்ஸ் ஜி-25 காலம் (column), அதாவது ஜெல் மணிகள் நிரப்பிய குழாய். பிள்ளைகளுக்கு இந்த அரை மணி நேரம் ரொம்பப் பிடிக்கும். மேலே ஊற்றிய சைட்டோகுரோம் ஒரு விரல் அகலத்துக்கு ரோஸ் பட்டையாகப் படிந்து, வெள்ளை ஜெல்லுக்குள் மெல்ல இறங்கும். புரதம் பெரியது, மணிகளுக்குள் நுழைய முடியாமல் வெளியே ஓடி முதலில் வந்துவிடும். அஸ்கார்பேட் சின்னது, மணிக்கு மணி உள்ளே புகுந்து புகுந்து பின்தங்கிவிடும். பட்டை கீழே வரும்போது நிறம் ஆழமாக இருக்கும் துளிகளை மட்டும் பிடித்து, முன்னும் பின்னும் வரும் வெளிறிய துளிகளைத் தனியே வைக்க வேண்டும். பிடித்ததை 550-லும் 565-லும் ரீடிங் எடுத்து வகுத்துப் பார்ப்பேன். 10-க்கு மேல் இருந்தால் நன்றாக ஒடுங்கியிருக்கிறது. 6, 7 என்று வந்தால் திரும்ப அஸ்கார்பேட். இந்த ஒரு எண்ணைத் தினமும் நோட்டில் எழுதாத பிள்ளையின் டேட்டாவை நான் நம்புவதில்லை, சார் நம்பினாலும்.

இந்தக் குழாயில் ஒரு கண்ணி இருக்கிறது. ஊற வைத்த ஜெல்லில் பூஞ்சை வராமலிருக்க 0.02 சதவீதம் சோடியம் அஸைடு போட்டு வைப்பது வழக்கம். கேட்க ஒன்றுமில்லாத அளவு மாதிரி இருக்கிறது. மோலாரில் மாற்றிப் பாருங்கள், சுமார் 3 மில்லிமோலார். அஸைடு இந்த நொதிக்கே தடுப்பான். குழாயைச் சரியாகக் கழுவாமல் சைட்டோகுரோமை ஓட்டினால், அதோடு விஷத்தையும் சேர்த்துப் பிடிக்கிறோம். பிறகு 'நோய்வாய்ப்பட்ட எலியில் நொதி குறைந்துள்ளது' என்று தீசிஸ் எழுதலாம், நோயில்லாத கன்ட்ரோல் எலியிலும் குறைந்திருப்பது தெரியும் வரைக்கும். விற்பனைக்கு வரும் ஆன்டிபாடிகள் பலவற்றிலும் அஸைடு உண்டு, பழைய பஃபர் பாட்டில்களிலும் உண்டு. அதனால் எங்கள் அலமாரியில் அஸைடு கலந்த எதற்கும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். அதைச் சிங்க்கில் கொட்டுவதும் கிடையாது. செம்பு, ஈயக் குழாய்களில் சேர்ந்தால் வெடிக்கக்கூடிய உப்பு உண்டாகும்.

தடுப்பானாகச் சயனைடே வேண்டும் என்று சில பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது என்று. கடைசியில் கோடு நிற்கிறதா, அதாவது நாம் பார்த்தது இந்த நொதியின் வேலைதானா என்று உறுதி செய்ய ஒரு தடுப்பான் கட்டாயம் வேண்டும், அதில் வாதமில்லை. அதற்கு அஸைடே போதும். சயனைடுக்குத் தனிப் பூட்டு, தனி ரிஜிஸ்டர், அமிலம் பக்கத்தில் வராமல் காவல் என்று இருபது வயதுப் பிள்ளைகள் நடமாடும் அறையில் நான் அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாரில்லை.

இனி திசு. எலி வளர்த்து அறுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். கை பழகுவதற்கு ஆட்டு இதயம் போதும். இதயத் தசைச் செல்லின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். வேடிக்கை என்னவென்றால், அதை வாங்கி வருவது நான். பிறந்த வீடு வடலூர். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிற தருமச்சாலைக்குப் பக்கத்துத் தெரு, வீட்டில் முட்டை கூட வராது. கல்யாணமாகி வந்த பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பாய் கடையில் நான் வாடிக்கை. "என்ன டீச்சர், இன்னிக்கும் லேபுக்கா?" என்று கேட்டுவிட்டு, ஈரலோடு போகாமல் இதயத்தை முழுசாக எடுத்து வைத்துவிடுவார். கத்தி படக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெர்மகோல் பெட்டியில் நொறுக்கின ஐஸ், கவரில் இதயம். மடியில் பெட்டியோடு கன்னியக்கோயில் எல்லையைத் தாண்டும்போது கண்டக்டர், "பெட்டியில மீனாம்மா?" என்பார். தலையாட்டிவிடுவேன். தைப்பூசத்தில் வள்ளலார் நினைவு நாள், அன்று தமிழ்நாட்டில் இறைச்சிக் கடை கிடையாது. அந்த வாரத்தில் பிராக்டிகல் போடாதீர்கள் என்று சாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அன்றைக்கு நான் வடலூரில் ஏழு திரை விலகுவதைப் பார்க்க நிற்பேன் என்பது வேறு விஷயம்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தால் கெட்டுப்போகாதா என்று கேட்பார்கள். மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு இறுக்கமாகச் சுவாசிக்கிறது, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. எவ்வளவு செய்கிறது என்று பார்ப்பதாக இருந்தால் இது சரிப்படாது. நமக்கு இந்த ஒரு நொதியின் வேலை மட்டும் போதும், ஐஸில் அது தாங்கும். கொழுப்பை முழுக்கச் செதுக்கி எடுத்து, 0.25 மோலார் சுக்ரோஸில் கத்திரியால் பொடியாக நறுக்கி, ரத்தச் சிவப்பு போகும்வரை அலசி அரைக்க வேண்டும். முதலில் சென்ட்ரிஃபியூஜில் 600 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 600 மடங்கு விசையில்) சுற்றினால் உட்கருவும் உடையாத நார்களும் கீழே போகும். மேலே உள்ளதை இரண்டு மடிப்பு மல் துணியில் வடிகட்டி, 10,000 ஜி-யில் சுற்றினால் அடியில் பழுப்புப் படிவு. அதன் மேல் வெளிறிய பஞ்சு மாதிரி ஒரு படலம் ஆடும், அதைப் பைப்பெட்டால் நைசாக உறிஞ்சி எறிந்துவிட வேண்டும். பல பிள்ளைகள் அதையும் சேர்த்துக் கலக்கிவிட்டுப் புரதம் நிறைய வந்தது என்று சந்தோஷப்படுவார்கள். சுக்ரோஸில் செல்லைப் பிரிக்கும் இந்த முறை ஹோகபூம், ஷ்னைடர், பலாடி ஆகியோர் 1948-ல் வெளியிட்டதிலிருந்து வளர்ந்தது. அவர்கள் 0.88 மோலார் வைத்தார்கள், பிறகு 0.25 வழக்கமானது.

மைட்டோகாண்ட்ரியா கிடைத்தவுடன் நேரே குவெட்டில் போட்டால் ரீடிங் குறைவாக வரும். வெளிச்சவ்வு முழுசாக இருந்தால் நாம் ஊற்றிய சைட்டோகுரோம் சி உள்ளே போகாது. அதைத் திறக்கத்தான் டோடெசில் மால்டோசைடு. இதைப் போல் நொதியைக் குலைக்காமல் சவ்வைத் திறக்கும் சோப்பு குறைவு, விலையும் அதற்கேற்ற மாதிரி. அதற்குப் பதில் கண்ணாடி பாத்திரம் கழுவ வைத்திருக்கும் டிரைட்டான் சோப்பை ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். இன்னொன்று, பஃபர். 10 முதல் 50 மில்லிமோலார் பாஸ்பேட் போதும். உப்பு கூடுதலான பி.பி.எஸ். பஃபர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அதை எடுத்துவிடுவார்கள். சைட்டோகுரோம் சி-யின் மேற்பரப்பில் லைசின்கள் நிறைய, நேர் மின்னூட்டம். அந்த ஈர்ப்பில்தான் நொதியிடம் போய் ஒட்டுகிறது. உப்பு கூடினால் அந்தப் பிடி தளர்ந்து வேகம் மாறிவிடும். கிட் பாட்டிலில் இருப்பது எந்த உப்பு என்று தெரியாமல் இருப்பது எனக்கு ஏன் எரிச்சல் என்று இப்போது புரியும்.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஃப்ரீசருக்குக் கரண்ட் இல்லை. திறக்காமல் விட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்கு மேல் நம் கையில் இல்லை. தண்ணீர் வடிந்ததும் எதைத் தூக்கி எறிவது என்ற கேள்வி. சிலருக்கு எல்லாமே போய்விட்டது என்ற பயம், சிலருக்கு எல்லாமே சரியாகத்தான் இருக்கும் என்ற நப்பாசை. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சைட்டோகுரோம் சி பொடி, மூடி இறுக்கமாக, சிலிக்கா நீல நிறத்திலேயே இருந்தது. ஒரு துளி கரைத்து, ஒரு சிட்டிகை டைதயோனைட். சட்டென்று ரோஸ். 550-ல் முகடு கூர்மையாக வந்தது, வைத்துக்கொண்டேன். கரைத்துச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து வைத்திருந்த ஒடுக்கப்பட்ட சைட்டோகுரோம் பழுப்பாகத் திரும்பியிருந்தது, அதுவும் நஷ்டமில்லை, திரும்ப ஒடுக்கிக்கொள்ளலாம். என்.ஏ.டி.எச். என்ற துணைநொதியை எறிய வேண்டியதாயிற்று. ஈரம் பட்டால் அது சிதைவதோடு நிற்காது, சிதைந்த பொருளே நொதிகளைத் தடுக்கும். கரைத்து வைத்த அஸிடைல் கோஏ-வும் போனது. அதற்கு வருத்தப்பட்டேன், விலை அப்படி.

அஸிடைல் கோஏ எதற்கு என்றால், ஒப்பிடுவதற்கு. ஒரு சாம்பிளில் ஆக்சிடேஸ் குறைவாக இருந்தால், நொதிதான் குறைந்ததா, மைட்டோகாண்ட்ரியாவே குறைவாக வந்ததா? அதற்கு, மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு என்று காட்டும் இன்னொரு நொதியான சிட்ரேட் சிந்தேஸையும் அளக்க வேண்டும். அஸிடைல் கோஏ, ஆக்ஸலோ அசிட்டேட், நிறம் காட்டும் டி.டி.என்.பி. மூன்றையும் சேர்த்தால், நொதி வேலை செய்யும்போது 412 நானோமீட்டரில் மஞ்சள் வரும். ஆக்ஸலோ அசிட்டேட் அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும், நேற்றையது வேண்டாம். புரதத்துக்கு வகுப்பதோடு இதற்கும் வகுத்துக் காட்டாத முடிவை நான் பாதி முடிவு என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

கணக்கில் ஒரு விஷயம். 550-ல் ஒடுங்கியதற்கும் ஒடுங்காததற்கும் உள்ள வித்தியாசத்துக்கு (ரீடிங்கைச் சைட்டோகுரோமின் அளவாக மாற்றும் எண்) சிலர் 18.5 என்று வைக்கிறார்கள், சிலர் 21-க்கு மேல் வைக்கிறார்கள். அதிலேயே பதினைந்து சதவீதம் ஓடிவிடுகிறது. எதை வைத்தோம் என்று எழுதிவிட்டால் பிரச்சினையில்லை, எழுதுவதுதான் இல்லை. சைட்டோகுரோம் செலவாகச் செலவாக வேகமும் குறைந்துகொண்டே போகும், நேர்கோடு வராது. ஆரம்பச் சரிவை மட்டும் எடுக்க வேண்டும், இல்லை மடக்கையில் போட வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டுபிடிக்கும் முறை) செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காக்ஸ் ஃபோர் ஆன்டிபாடி மைட்டோகாண்ட்ரியாவுக்கு லோடிங் கன்ட்ரோலாக, அதாவது எல்லாச் சாம்பிளும் சம அளவில் போட்டோமா என்று பார்க்கும் அளவுகோலாக எங்கும் ஓடுகிறது. அது இதே நொதியின் துணை அலகு. இந்த நொதி குறைந்ததா என்பதே உங்கள் கேள்வி என்றால், அதையே அளவுகோலாக வைக்க முடியாது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுப் புரதமான வி.டாக்குக்கு ஆன்டிபாடி வாங்குங்கள்.

இந்த முறை அனுப்பிய இன்டென்டில் (கொள்முதல் கோரிக்கையில்) மூன்று வரிதான்: குதிரை இதய சைட்டோகுரோம் சி, டோடெசில் மால்டோசைடு, அஸிடைல் கோஏ. மால்டோசைடுக்கு மட்டும் இரண்டு கொட்டேஷன்தான் வந்திருக்கிறது. மூன்றாவது வராமல் ஃபைல் அக்கவுன்ட்ஸ் பக்கம் நகராது, நாளைக்கு மறுபடி போன் போட வேண்டும்.